ஏழு மணி வண்டியில் ஏறிய சிப்

மூக்காண்டி அண்ணாச்சி மீது எனக்கு ஆறு வருஷக் கோபம் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி நான் அவரைப் புகழ்ந்தாலும் திட்டினாலும் அதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டிலிருந்து தினமும் திருவனந்தபுரம் போகிற பூ வண்டி அவருடையது. அவரே முதலாளி, அவரே டிரைவர். விடியலில் பறித்த பிச்சியும் மல்லியும் ஏறினால், தென்காசி, செங்கோட்டை தாண்டி மலை இறங்கி, பன்னிரண்டு மணிக்குள் அங்கே கடைக்காரர் கையில் இருக்கும். காலை ஏழு மணிக்கு வண்டி நகரும். ஏழு என்றால் ஏழுதான். மார்க்கெட்டில் பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரியாது. ‘ஏழு மணி’ என்றால் தெரியும்.

என் ஊர் பனவடலிசத்திரம். பெயர் சங்கரசுப்பு. முக்கால் ஏக்கரில் பிச்சி போட்டிருக்கிறேன். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு முகூர்த்த நாளில் வழியில் பைக் பஞ்சர். பூ மூட்டையோடு வண்டியைத் தள்ளிக்கொண்டே ஓடி வந்து சேரும்போது மணி ஏழு ஐந்து. பூ வண்டி மார்க்கெட் முனையில் திரும்பிக்கொண்டிருந்தது. கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். போய்விட்டது. காதில் விழவில்லை போலிருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மறுநாள் அவரே வந்து சொன்னார்.

“கண்ணாடில பாத்தேன் வே. ஏழு ஆயிட்டு.”

எனக்கு ஆறாமல் போனது அதுதான். பார்க்கவில்லை என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். அந்த மனுஷனுக்கு அதுவும் வராது.

பிறவியிலேயே அவர் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். அவர் மனைவி பேச்சி என் வீட்டுக்காரியிடம் சொன்ன கதை வேறு. அண்ணாச்சி ராயகிரிக்காரர். பத்தொன்பது வயதில் புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போனவர், லாரியில் கிளீனராகி, டிரைவராகி, முப்பத்து மூன்றாவது வயதில் பழைய வண்டி ஒன்றைச் சொந்தமாக வாங்கினார். அப்போதெல்லாம் யார் கை காட்டினாலும் நிற்பாராம். ஒரு நாள் பெரிய வியாபாரி ஒருவர் கேட்டுக்கொண்டார் என்று நாற்பது நிமிஷம் நின்றிருக்கிறார். போய்ச் சேர்வதற்குள் அங்கே வாங்குகிறவர்கள் வேறு ஊர்ப் பூவை வாங்கிக்கொண்டு கலைந்துவிட்டார்கள். பெரிய வியாபாரிக்கு அங்கே சொந்த ஆள் உண்டு, அதனால் அவர் பூ விற்றது. சுப்புத்தாய் என்ற அம்மாளின் எட்டுக் கிலோ மட்டும் அப்படியே திரும்பி வந்தது. அந்த அம்மாள் ஆறரைக்கே வந்து பூவை ஏற்றியவள். சண்டை போடவில்லை. மூட்டையைப் பிரித்துப் பார்த்தாள், திரும்பக் கட்டி எடுத்துக்கொண்டு போனாள். மறுநாளிலிருந்து ஏழு மணி.

“ஒருத்தனுக்காக நின்னா, நேரத்துக்கு வந்த இருவது பேரை நிக்க வைக்கணும்லா” என்பார். நியாயம்தான். ஆனால் நியாயத்தைக் கேட்டு என் பூ வாடாமல் இருக்கவில்லையே.

இனி சிப் விஷயத்துக்கு வருகிறேன்.

ராஜபாளையம் ரோட்டில் ஒரு உரக்கடை மாடியில் மூன்று பேர் சேர்ந்து சின்னதாக ஒரு கம்பெனி நடத்துகிறார்கள். தலைமை ப்ரியதர்ஷினி, எங்கள் ஊர் ஜவுளிக்கடைக்காரர் மகள். பெங்களூரில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்தவள். நாலு வருஷமாக அவர்கள் உருவாக்கியது ஒரு புது கம்ப்யூட்டர் சிப். விண்வெளியில் இருக்கிற கதிர்வீச்சு பட்டால் சிப்புக்குள் இருக்கும் கணக்கு தப்பாகிவிடுமாம். இது தன்னிடம் விழுந்த தப்பைத் தானே கண்டுபிடித்துத் தானே திருத்திக்கொள்ளும். வரைந்தது இந்த மாடியில், செய்து வாங்கியது வெளிநாட்டில். விரல் நகம் அளவுதான் இருக்கும். மேலே போய் வேலை செய்து காட்டினால்தான் உலகத்தில் யாரும் நம்புவார்கள்.

மேலே போக ஒரு ராக்கெட்டில் இடம் கிடைத்திருந்தது. அதற்கு முந்தைய சோதனைகள் திருவனந்தபுரத்தில். ஒயர், கருவி என்று இரண்டு தடவை அண்ணாச்சி வண்டியில்தான் கொடுத்துவிட்டார்கள். அப்போது அவர் ப்ரியதர்ஷினியிடம் கேட்டிருக்கிறார், உங்கள் ஒரு சாமானுக்காகவா அவ்வளவு பெரிய ராக்கெட் என்று.

“இல்ல அண்ணாச்சி. பெரிய சாட்டிலைட் ஒண்ணு போவுது. மிச்சம் இருக்க இடத்துல எங்களயும் சேத்து ஒன்பது பேரு. எல்லாரும் பங்கு போட்டுப் போறோம்.”

“பெரிய வியாபாரி அம்பது மூட்டைக்கு நடுவுல நம்ம சங்கரசுப்பு மூட்டை போற மாதிரி.”

“அதேதான்.”

“வரதுக்குப் பிந்திட்டா?”

“நிக்க மாட்டாங்க. ஆனா காலி இடமாவும் விட மாட்டாங்க. ராக்கெட்டு ஒரு பக்கம் இழுக்கும்லா. எங்க பெட்டி என்ன எடையோ அதே எடைக்கு ஒரு இரும்பை வச்சி அனுப்பிருவாங்க.”

மலைப்பாதையில் பாரம் சரியில்லாவிட்டால் மணல் மூட்டை போட்டு ஓட்டுகிறவருக்கு இது சட்டென்று புரிந்துவிட்டது. ஆனால் மனதில் தங்கியது அந்த இரும்புதான். “நாலு வருசம் பாடுபட்ட புள்ளையளோட இடத்துல ஒரு இரும்பு ஏறி உக்காந்துகிட்டுப் போவுமாம் வே” என்று என்னிடமே இரண்டு தடவை சொன்னார்.

ஓணத்துக்கு நாலு நாள் முன்பு, சிப் வைத்த அந்தப் பெட்டி போய்ச் சேர வேண்டிய நாள். மதியம் ஒரு மணி கெடு. ப்ரியதர்ஷினி காகிதங்களோடு முந்தின நாளே போய்விட்டாள். கடைசிச் சோதனையை முடித்துப் பெட்டியைக் காரில் கொண்டுபோக வேண்டியது அவளோடு வேலை பார்க்கிற விஜயராஜ். காலை ஆறரைக்கு வர வேண்டிய கார் வழியில் நின்றுவிட்டது. ஓண நேரத்தில் வேறு வண்டி கிடைக்கவில்லை. பஸ் மாறி மாறிப் போய்ச் சேர மதியம் இரண்டு மணி ஆகிவிடும். அண்ணாச்சிக்குப் போன் போட்டு பத்து நிமிஷம் நிற்கச் சொல்லிக் கேட்டிருக்கிறான்.

“ஏழுக்கு நகந்துருவேன் தம்பி. அதுக்குள்ள வா.”

பைக்கில் பறந்து வந்தான். நான் பூ ஏற்றிக்கொண்டிருந்தேன், மணி ஆறு ஐம்பத்தெட்டு. முன் சீட்டிலும் மல்லிக் கூடை, ஆள் ஏற இடமில்லை. மதிய உணவு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டியை நீட்டி, “அண்ணாச்சி, குலுங்கக் கூடாது, வெயில் படக் கூடாது, சூடு ஆகவே கூடாது” என்றான். அவன் பின்னால் பஸ் பிடித்து வருவதாக ஏற்பாடு.

பூ வண்டிக்காரரிடம் போய் சூடு ஆகக் கூடாது என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? அந்த வண்டியில் முன் சீட்டுகளுக்கு அடியில்தான் இன்ஜின். பெட்டியை அங்கே வைக்க அவருக்கு மனசு வரவில்லை. புளியங்குடியில் வண்டியை நிறுத்தி, மல்லி மொட்டு வைத்திருந்த தெர்மாகோல் பெட்டியைத் திறந்து, ஐஸ் கட்டிகளுக்கு நடுவே அதைப் பொதிந்து வைத்தார். மேலே ஈரச் சாக்கு. இருபது வருஷமாக ஒரு மொட்டுகூட வாடாமல் கொண்டுபோய்ச் சேர்த்த கை.

இதற்கு மேல் நான் எழுதுவது ப்ரியதர்ஷினி சொல்லிக் கேட்டது.

பதினொன்று இருபதுக்கு வண்டி அந்தச் சோதனைக்கூடத்தின் வாசலுக்கு வந்திருக்கிறது. அண்ணாச்சி பெருமையாக இறங்கியிருக்கிறார்.

“ஒரு குலுக்கல் கிடையாது தாயி. ஐஸ்லயே வச்சிக் கொண்டாந்திருக்கேன்.”

“எதுல வச்சிய?”

பெட்டி உருகிய ஐஸ் தண்ணீரில் கிடந்தது. மூடி இடுக்கு வழியாக உள்ளேயும் தண்ணீர். நடுவில் சிப் இருந்த வெள்ளி நிறப் பை சில்லிட்டு நனைந்திருந்தது. அது ஒட்டிய பை என்றாலும், ஒட்டு தாங்கியதா என்று பிரித்தால்தான் தெரியும். ஈரம் அந்தச் சிப்புக்கு எமன் என்று அவள் சொன்னபோது அண்ணாச்சி முகம் செத்துவிட்டதாம். அவள் பையைக் கிழிக்கப் போனாள். அவர் கையைப் பிடித்துவிட்டார்.

“பிரிக்காத தாயி. வேர்த்துரும்.”

ஐஸில் வந்த மொட்டை வந்ததும் பிரித்தால் மலையாளத்து ஈரக் காற்றில் நிமிஷத்தில் வேர்த்துக் கறுத்துப் போகும். மூட்டையோடு வைத்துச் சில்லிப்பு போன பிறகுதான் பிரிப்பார்கள். ப்ரியதர்ஷினிக்கும் தெரிந்த விஷயம்தான், பயத்தில் கை முந்திவிட்டது. ஆனால் சில்லிப்பு தானாகப் போக மூன்று மணி நேரமாவது ஆகும். உள்ளே போய்ப் பொறுப்பில் இருந்த அம்மாவிடம் கூடுதல் நேரம் கேட்டாள். அந்த அம்மா வாசலுக்கே வந்து பார்த்தார். தமிழ் தெரிந்தவர்.

“ஒரு மணிக்குள் பிரித்து எடை போட்டால்தான் வாங்கினதாக ஆகும். ஒருத்தருக்காக நின்றால், நேரத்துக்கு வந்த எட்டுப் பேரையும் நிற்க வைக்க வேண்டும்.”

அண்ணாச்சி கெஞ்சுவார் என்று ப்ரியதர்ஷினி எதிர்பார்த்தாள். அவர் எப்படிக் கெஞ்சுவார்? அந்த வார்த்தையை எங்கள் மார்க்கெட்டில் தினம் சொல்கிறவர் அவர்தானே.

தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பையின் ஈரத்தை ஒற்றி எடுத்தார். காய்ந்த சாக்கில் சுற்றினார். முன் சீட்டுக் கூடைகளை இறக்கித் தரையில் வைத்துவிட்டு, இன்ஜின் மூடிமேல் சாக்கை வைத்து இன்ஜினை ஓடவிட்டார். எந்தச் சூட்டுக்குப் பயந்தாரோ அதே சூடு. சூடு கூடிவிடாமல் உள்ளங்கையைச் சாக்கின் மேலேயே வைத்துக்கொண்டிருந்தார், அடிக்கடி புரட்டிக்கொண்டு. போன் அடித்துக்கொண்டே இருந்தது. பூ வாங்குகிறவர்கள்.

“நீங்க போங்க அண்ணாச்சி, நான் பாத்துக்கிடுதேன். பூ என்னாவும்?”

“வாடும்.”

அவ்வளவுதான் சொன்னார். கையை எடுக்கவில்லை.

பன்னிரண்டே முக்காலுக்கு உள்ளே கொண்டுபோனார்கள். பைக்குள் ஈரத்தைக் காட்டுகிற அட்டை ஒன்று உண்டு. காய்ந்திருந்தால் நீலம், ஈரம் உள்ளே புகுந்திருந்தால் ரோஸ். மூன்று பொட்டில் இரண்டு நீலம். மூன்றாவது எந்த நிறம் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒரு மணிக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது எடை போட்டு வாங்கிக்கொண்டார்கள். சோதனைகளில் தேறினாலும், உள்ளே ஏதாவது கெட்டிருந்தால் மேலே போன பிறகுதான் தெரியும் என்று அந்த அம்மா சொல்லி அனுப்பினார்.

பூ ஒன்றரைக்குப் போய்ச் சேர்ந்தது. ஓண விலை அதற்குள் பாதியாகிவிட்டது. என் பதினெட்டுக் கிலோவும் அதில்தான் இருந்தது.

மறுநாள் காலை ஒவ்வொருவரிடமும் அவரே வந்து, “என்னால பிந்திட்டு” என்றார். காரணத்தையும் மறைக்கவில்லை. நான் விடவில்லை.

“எனக்கு அஞ்சு நிமிசம் நிக்கல. அதுக்கு ஒன்றரை மணி நேரம் நிப்பியளோ?”

“நீரு பிந்துனது பஞ்சர்ல வே. இது நான் செஞ்ச தப்பு. விட்டுட்டு எப்படிப் போவ?”

பதில் சரியாக இருந்ததால் கோபம் இன்னும் கூடியது.

அதற்குப் பிறகு அந்த மனுஷன் பட்ட பாட்டை நான் பார்த்தேன். பெட்டியைக் குலுக்கினார்கள், காய்ச்சினார்கள், குளிர வைத்தார்கள். எல்லாவற்றிலும் தேறிவிட்டதென்று ப்ரியதர்ஷினி வந்து சொன்னாள். அண்ணாச்சிக்குச் சமாதானம் இல்லை. “மேல போய் முழிக்கலன்னா அதுவும் இரும்புதான வே” என்பார். தை மாதம் ஒரு காலையில் ராக்கெட் கிளம்பியதை மார்க்கெட்டில் போனைச் சுற்றி நின்று பார்த்தோம். சொன்ன நொடிக்குக் கிளம்பியது. அந்த நேரம் அவர் மலைப்பாதையில், சிக்னல் இல்லாத இடத்தில் இருந்தார். சிப்பை எழுப்பிப் பார்ப்பது மூன்றாம் நாள் என்றார்கள். இரண்டு நாளும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று பேச்சி சொன்னாள்.

மூன்றாம் நாள் என் பூவை ஏற்றிவிட்டு முன் சீட்டில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், தென்காசியில் எனக்கு ஒரு வேலை. ஏழு அடித்தது. வண்டி நகர்ந்தது. முனையில் திரும்பும்போது என் பக்கக் கண்ணாடியில் ஒரு பெண் ஓடி வருவது தெரிந்தது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள் ப்ரியதர்ஷினி. நான் வாயைத் திறக்கவில்லை. அவரும் கண்ணாடியைப் பார்த்துவிட்டார் என்பது தெரிந்தது.

வண்டி நின்றது.

அவள் வந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது. போனில் சொல்ல மனசு வரவில்லையாம்.

“முழிச்சிட்டு அண்ணாச்சி. பதில் ஆறரைக்கே வந்துட்டு. நல்லா இருக்கு.”

அண்ணாச்சி ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுத்தார். துண்டை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. துண்டை எடுக்காமலே கேட்டார்.

“மணி என்ன வே?”

ஏழு ஆறு. ஆறரைக்கே பூவை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தவன் நான். சண்டை போட எனக்கு முழு உரிமை இருந்தது.

“இப்பதான் ஏழு அண்ணாச்சி” என்றேன்.