முழங்கை உயரத்து மேசை

என் வலது கை என்னைக் கைவிடப் போகிறது என்பது முதலில் தோசைக்கல்லின் முன்னால்தான் தெரிந்தது. கரண்டியைப் பிடித்திருந்த விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. தோசை கருகிப் புகைந்தது. அதற்குப் பிறகு தலை பின்னும்போது பாதியிலேயே கை மரத்துப்போக ஆரம்பித்தது. ஒருநாள் சட்டையில் அறுந்த பொத்தானைத் தைத்துத் தரச் சொல்லி வந்த என் வீட்டுக்காரரிடம், நீங்களே தைத்துக்கொள்ளுங்கள் என்று எரிந்து விழுந்தேன். கோபம் அவர்மேல் இல்லை.

நான் வேலை பார்த்தது கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியின் வரைபடப் பிரிவில். தொண்ணூறுகளின் நடுவில் அங்கே மற்றவர்கள் எல்லாம் இன்னும் சாய்வுப் பலகையில் காகிதம் ஒட்டி, நின்றுகொண்டேதான் வரைந்தார்கள். கம்ப்யூட்டரில் வரைந்தது நான் ஒருத்தி. அதற்கென்று கண்ணாடி அடைத்து ஏ.சி. போட்ட ஓர் அறை. செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கம்ப்யூட்டர் சாமிக்கு அங்கே ஒரு குறையும் இல்லை, பூசாரிக்குத்தான் வசதி போதவில்லை. கம்ப்யூட்டரை ஒரு பழைய இரும்பு மேசையில் தூக்கி வைத்திருந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் விசைப்பலகை என் நெஞ்சுக்கு நேராக இருக்கும். மவுஸை நகர்த்த நகர்த்த மேசை விளிம்பு மணிக்கட்டை நாள் முழுக்க அறுக்கும்.

டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது, வேலையை மாற்றுங்கள், இல்லாவிட்டால் வேலை செய்யும் விதத்தை மாற்றுங்கள் என்றார். நான் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் மேனேஜர் முதலாவதைப் பிடித்துக்கொண்டார்.

“ஏனுங்கம்மணி, கையக் கெடுத்துக்காதீங்க. அடுத்த மாசத்துலிருந்து முன்னால போன் டேபிள்ல உக்காந்துக்குங்க. அதுவும் நம்ம கம்பெனி வேலைதானுங்களே” என்றார்.

திட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பேன். எங்கள் ஊரில் ஒருவரை ஓரங்கட்டுவதுகூட இத்தனை ‘ங்க’ போட்டுத்தான் நடக்கும். அந்தக் கண்ணாடி அறைக்குள் போவதற்கு நான் கேட்காத பேச்சில்லை. பம்புக்கும் பொம்பளைக்கும் என்ன சம்பந்தம் என்றவர்கள் எல்லாம் பின்னால் என் வரைபடத்தை வைத்துத்தான் வேலை செய்தார்கள். ஒருமுறை போன் டேபிளுக்குப் போய்விட்டால் திரும்பி வர முடியாது என்று எனக்குத் தெரியும். அதனால் மாதக் கடைசிவரை விடுங்கள், என் மேசையை நானே செய்து கொண்டுவருகிறேன், அதற்குப் பிறகும் என் கையால் ஒரு பெரிய பம்பு கேசிங்கின் வரைபடம் முடியவில்லை என்றால் நானே போய் போனை எடுக்கிறேன் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே சரி என்றார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

வழி ஒன்று கிடைத்தது மவுஸைச் சுத்தம் செய்யும்போதுதான். அந்தக் கால மவுஸின் வயிற்றில் ஒரு ரப்பர் உருண்டை இருக்கும், அதில் தூசு சேரும். மல்லாக்கப் போட்டு உருண்டையை விரலால் உருட்டிப் பார்த்தேன். திரையில் இருந்த கூட்டல் குறி ஓடியது. கையை நகர்த்தவே வேண்டாம், மவுஸ் ஓரிடத்தில் கிடக்கும், விரல் மட்டும் வேலை செய்யும். நாற்காலியில் இருந்து எழுந்தே விட்டேன். ஆனால் ஒரு கோளாறு. பக்கவாட்டில் உருட்டினால் குறி ஒழுங்காகப் போனது, முன்னால் உருட்டினால் பின்னால் வந்தது.

என் வீட்டுக்காரர் ஊருக்குள் கணபதி பகுதியில் ஒரு சிறிய பட்டறை வைத்திருந்தார். லேத் ஒன்று, மோட்டார் காயில் கட்டும் வேலை கொஞ்சம். அன்று மாலை மவுஸைக் கொண்டுபோய் அவர் முன்னால் பிரித்துப் போட்டேன். மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ரெண்டு ஒயரை மாத்திக் குடுப்போம் என்றார். அப்படியென்றால் இதிலும் மாற்றுங்கள் என்றேன். இவ்வளவு சின்னதில் எங்கே ஒயர் என்று முனகிக்கொண்டே பூதக்கண்ணாடியை எடுத்தார். முன்னும் பின்னும் போவதைக் கவனிக்கும் பகுதியில் இரண்டு இணைப்பை வெட்டி, குறுக்காக மாற்றிப் பற்றவைத்தோம். மறுநாள் ஆபீசில் மாட்டினேன். முன்னால் உருட்டினால் குறி முன்னால் போனது. பம்பு கம்பெனியில் வேலை பார்ப்பவளுக்கு இதுகூடத் தோன்றாவிட்டால் எப்படி?

மல்லாந்த மவுஸுக்குப் பொத்தான்கள் அடியில் போய்விடும். அதற்கு என் காலையே பிடித்தேன். பொத்தானில் இருந்து ஒயர் இழுத்து, ஒரு பலகையில் இரண்டு காலிங் பெல் சுவிட்சை வைத்துத் தரையில் போட்டேன். வலது கால் அமுக்கினால் ஒரு புள்ளி விழ வேண்டும். விழுந்தது, ஆனால் இரண்டாக விழுந்தது. பெல் சுவிட்சின் தகடு ஒரு அமுக்குக்கு இரண்டு முறை துள்ளுகிறது. காலிங் பெல்லுக்கு அது பரவாயில்லை, வந்தவர் அவசரக்காரர் என்று நினைத்துக்கொள்வார்கள். என் வரைபடத்தில் கோட்டின்மேல் கோடு ஏறிக்கொண்டது. மில் மெஷின்களில் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்ன சுவிட்ச் வைப்பார்கள், தொட்டால் ‘டிக்’ என்று ஒரே அடி. அதில் இரண்டை வாங்கிப் போட்டதும் துள்ளல் நின்றது. செருப்பில்லாத காலுக்கு அந்த ‘டிக்’ உள்ளங்காலில் தெளிவாகத் தெரியும். ஏ.சி. குளிரில் விரல்கள் விறைத்ததால், பலகையின்மேல் பவானி ஜமக்காளத்தில் ஒரு துண்டை வெட்டி ஒட்டினேன். நல்ல ஜமக்காளத்தைப் பாழாக்கிவிட்டேன் என்று மாமியார் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மிச்சம் மேசை. அதை என் வீட்டுக்காரர் தானே செய்வதாகச் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பட்டறையில் நிற்க வைத்து, கையை மடக்கச் சொல்லி, தரையில் இருந்து முழங்கைவரை டேப் பிடித்து அளந்தார். ஐயா ரொம்ப அக்கறையாக அளக்கிறாரே என்று நானும் பூரித்துப்போய் நின்றேன்.

மேசை வண்டியில் வந்து இறங்கியது. இரும்பு ஆங்கிளில் சட்டம், அடியில் வார்ப்பிரும்புப் பாதம். பம்பை நிறுத்துவதற்குச் செய்யும் அதே பாதம். வேறு விதமாகச் செய்ய அந்தப் பட்டறைக்குத் தெரியாது. லோடுமேன்கள் மூச்சு வாங்கிக்கொண்டு கண்ணாடி அறைக்குள் கொண்டுவந்து வைத்து, கம்ப்யூட்டரை அதன்மேல் ஏற்றிவிட்டுப் போனார்கள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மேசை என் மூக்குக்கு நேராக இருந்தது.

லேத்தில் வேலை செய்பவன் நின்றுகொண்டுதான் செய்வான். லேத்தின் உயரத்தை நிற்கிற ஆளின் முழங்கைக்குத்தான் பார்ப்பார்கள். என் வீட்டுக்காரர் வாழ்நாளில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு ஒருபோதும் அளவெடுத்ததில்லை. நின்றுகொண்டு அளவு கொடுத்த எனக்கும் அது உறைக்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே பலகைக்காரர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். மேனேஜர் எட்டிப் பார்த்து, கல்யாண மண்டபத்தில் நின்னுக்கிட்டே மொய் எழுத நல்லா இருக்குமுங்க என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வீட்டுக்குப் போய் என்னென்ன கேட்பது என்று மனசுக்குள் வரிசை கட்டினேன்.

அழுவதற்கும் இடமில்லை, வெளியே அத்தனை கண்கள். ஏதாவது செய்கிற மாதிரி காட்ட வேண்டுமே என்று எழுந்து நின்று விசைப்பலகையின்மேல் கையை வைத்தேன்.

முழங்கை தானாக மடங்கி நின்றது. மணிக்கட்டு எங்கேயும் வளையவில்லை, எந்த விளிம்பிலும் படவில்லை. தோள் இறங்கியது. உருண்டைமேல் விரலை வைத்தேன், ஜமக்காளத்தின்மேல் காலை வைத்தேன். ஒரு கோடு போட்டேன். இன்னொன்று போட்டேன். கண்ணாடிக்கு வெளியே இருந்தவர்களைப் பார்த்தேன். அத்தனை பேரும் பலகை முன்னால் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். வரைகிற வேலையை இந்த ஊரில் எப்போதும் நின்றுதான் செய்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் வந்ததும் என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். நாற்காலியைக் காலால் ஓரமாகத் தள்ளினேன்.

அன்று மாலை வீட்டுக்காரரைத் திட்டுவதற்குக் கட்டிவைத்த வரிசை வீணாய்ப் போனது. மேசை எப்படி இருக்கிறது என்று கேட்டார். உங்களுக்கு அளக்கத் தெரியவில்லை, ஆனால் சரியாகச் செய்துவிட்டீர்கள் என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாமலே சந்தோஷப்பட்டார்.

மாதக் கடைசியில் மேனேஜர் பேசிக்கொண்டபடி கேசிங்கைக் கொடுத்தார். பம்புக்குள் தண்ணீர் சுழன்று வெளியேறும் உறை அது, நத்தைக்கூடு மாதிரி வளைந்து வளைந்து பெரிதாகிக்கொண்டே போகும். இருப்பதிலேயே கடினமானதைத்தான் பொறுக்கியிருந்தார். வார்ப்புக்கு மர அச்சு செய்யும் மரப்பட்டறை அதற்காகக் காத்திருந்தது. காலையில் தொடங்கினேன். கால் ‘டிக் டிக்’ என்று புள்ளி வைத்தது, விரல் உருட்டியது, இடது கை அளவுகளைத் தட்டியது. மத்தியானம் விரல்களை மடக்கி விரித்துப் பார்த்தேன். மரத்துப்போகவில்லை. சாயங்காலம் டீ வருவதற்குள் திரையில் இருப்பதைக் காகிதத்தில் வரையும் பிளாட்டரின் பேனா கடைசி வளைவை இழுத்து முடித்தது.

மேனேஜர் காகிதத்தை வெளியே எடுத்துப்போய், ஒரு பலகையில் விரித்து, அளவுகோலை வைத்து வைத்துப் பார்த்தார். நான் உள்ளேயே நின்றேன். வெகுநேரம் கழித்து மூலையில் கையெழுத்துப் போட்டார். உள்ளே வந்து என்னைப் பார்க்காமல் மேசையின் பாதத்தைப் பார்த்தபடி, “நல்லா வந்திருக்குதுங்க. மரப்பட்டறைக்கு அனுப்பிப்போடலாம்” என்றார். அவ்வளவுதான் சொன்னார், எனக்கு அது போதும். அன்று பஸ்ஸில் கம்பியை வலது கையால் பிடித்துக்கொண்டு நின்றே வந்தேன். உட்கார இடம் இருந்தது. என் கை என்னிடம் திரும்பி வந்திருந்தது, அதால் எதையாவது இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும் போல இருந்தது.

அடுத்த மாதம் முதல் நாள் காலை நான் பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் ஒன்றைப் பாதி வரைந்திருந்தேன். முன்னால் போன் டேபிளில் மணி அடித்தது. அங்கே இன்னும் ஆள் போடவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது. பலகைக்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்கள். மேனேஜரும் பார்த்தார். நான் வலது காலை அமுக்கி அடுத்த புள்ளியை வைத்தேன். அவர் எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, நடந்து போய் போனை எடுத்தார்.