காருக்கு வெளியே மாமனார்

பள்ளிபாளையத்தில் இன்று மச்சினன் மகளுக்குக் காதுகுத்து.

"கரண்ட் காரு எத்தனை கிலோமீட்டருங்க போகும்?" என்று பத்தாவது ஆள் கேட்டதும், நழுவி வந்து என் காரின் பின்சீட்டில் படுத்துவிட்டேன். ஜன்னலெல்லாம் வெயில்திரை. ஏசி ஓடினாலும் அந்தச் சத்தம் வெளியே கேட்காது.

போன் அதிர்ந்தது. "உங்கள் வண்டி அருகே நடமாட்டம்."

காரின் கேமராவைப் போனில் பார்த்தால், மாமனாரும் அவர் தம்பியும்! மரநிழலுக்கு ஒதுங்கி, என் காரிலேயே சாய்ந்து நிற்கிறார்கள். பேச்சும் தெளிவாகக் கேட்கிறது.

"ஏனுங்ணா, மாப்ளைக்கு வேலை போயி மூணு மாசமாச்சாமா. நம்மகிட்ட மூச்சே உடலீங்களே?" என்றார் தம்பி.

மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது என்றிருந்தேன்.

"தெரியும்ப்பா. ஆரும் கேட்டுப்போடாதீங்க. அவராச் சொல்லட்டும்" என்றார் மாமனார்.

தம்பி போய்விட்டார். மாமனார் நகரவில்லை. "மாப்ளை எங்கீங்க?" என்று வருகிறவர்களிடமெல்லாம், "ஆபீஸ்ல இருந்து போனுங்க, பேசீட்டிருக்கறாரு" என்கிறார்.

அரை மணி நேரமாகிறது. அவர் இணையத்துப் பக்கமெல்லாம் வராதவர் என்ற தைரியத்தில் இதை இங்கே எழுதுகிறேன்.

நான் எந்தக் கதவைத் திறந்து இறங்கட்டும், சொல்லுங்கள்.