நோயில்லாத வீடுகளில் தேடிய வைரஸ்

மெட்ராஸ் கப்பல் இன்றைக்குக் கிளம்பாது, நாளைக்கும் சந்தேகம் என்று போர்ட் பிளேர் ஜெட்டியில் சொல்லிவிட்டார்கள். என் கையில் இருந்த பெட்டியில் ஊருக்குள் இருக்கும் டெலானிபூர், ஷாதிபூர் பகுதிப் பிள்ளைகளின் மலம், மெயின்லேண்ட் லேபில் சோதிப்பதற்காக, சின்னச் சின்னப் புட்டிகளில் இருந்தது. ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. எங்கள் லேப் ஃப்ரிட்ஜும் பழுது. சாம்பிள் கெட்டால் இத்தனை நாள் அலைச்சலும் பாழ்.

அது எழுபதுகளின் தொடக்கம். நான் லேப் டெக்னீஷியன். போலியோ வைரஸில் மூன்று வகை உண்டு. எங்கள் ஊரில் எந்த வகை உலவுகிறது என்று யாருக்கும் தெரியாது. கால் விளங்காமல் ஆஸ்பத்திரிக்கு வரும் பிள்ளைகளை மட்டும் பார்த்தால் போதாது. பெரும்பாலான பிள்ளைகளின் உடம்பில் அது சத்தமில்லாமல் வந்து போய்விடும்; மலத்தில்தான் அது தெரியும். அதனால் ஓடியாடும் பிள்ளைகளின் வீடுகளில் போய் மலம் கேட்டேன். வாங்கிக் கட்டிக்கொண்ட வசவு கொஞ்சமல்ல.

ஷாதிபூர் அந்தோணியம்மாள் மட்டும் திட்டவில்லை. தூத்துக்குடிப் பக்கத்து மீன்பிடிக் குடும்பம். மூத்த மகளுக்குப் போலியோவில் ஒரு கால் சூம்பியிருந்தது. இளையவள் அப்போதுதான் நடை பழகினாள்.

"பெரியவளுக்கு வந்துட்டுல்லா சார்? இனிமே அவளுக்கு வராதுன்னு சொல்லுதாவ. நெசமா?"

"தெரியலம்மா. அதுக்குத்தான் அலையுறேன்."

ஜெட்டியிலிருந்து அந்த வீட்டுக்குத்தான் ஓடினேன். அவள் கணவர் சூசை மீனுக்கு ஐஸ் வைத்திருப்பார். விஷயத்தைச் சொன்னதும் அவர் தயங்கினார்.

"பரஃப் இல்லன்னா மீன் பூரா கராப் ஆயிரும், கெட்டுப் போயிரும் சார்."

அந்தோணியம்மாள் விடவில்லை. "மீனக் கருவாடாப் போட்டுக்கிடலாம். சார் பெட்டில உள்ளத என்ன செய்ய? குடுங்க."

இருந்த ஐஸ் முழுவதையும் அள்ளிக் கொடுத்தார்கள். கப்பல் கிளம்பும்வரை அது தாங்கியது; சாம்பிள் கெடாமல் மெயின்லேண்ட் போய்ச் சேர்ந்தது.

ரிசல்ட் வந்த அன்று எங்கள் பெங்காலி டாக்டர் என் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "தீனோ டைப் ஹை! ஏக் ஹி ஷஹர் மே!"

ஒரே ஊரில் மூன்று வகையும்! ஒரு வகை வந்து போனவருக்கு மற்ற இரண்டும் வரலாம். அந்த ரிசல்ட்டைக் காட்டித்தான் டாக்டர் மேலிடத்தோடு மல்லுக்கட்டி, ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் சொட்டு மருந்து வாங்கினார். அதில் என் பங்கும் இருக்கிறது என்று இன்றும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நோயாளியை மட்டும் பார்த்து ஊரை எடைபோடாதீர்கள். நன்றாக இருப்பவர் வீட்டுக்கும் போங்கள்; போன வீட்டுக்குப் பதிலும் சொல்லுங்கள். நான் ஷாதிபூர் போய் அந்தோணியம்மாளிடம் ரிசல்ட்டைச் சொன்னேன்.

மருந்து கொடுத்த அன்று அவள் இரண்டு பிள்ளைகளோடும் வரிசையில் நின்றாள். இளையவளுக்கு ஊற்றியதும் மூத்தவளை இழுத்து முன்னால் நிறுத்தினாள்.

"இவளுக்கும் ஊத்துங்க சார். இன்னும் ரெண்டு பாக்கி இருக்குல்லா?"