சட்டைப் பையில் இரண்டு கார்டுகள்

போன வருடம் ஆடி மாதம், ஆலங்குடியில் நடந்தது. எங்கள் தெருக் கோயில் திருவிழாவுக்கு மெமரி கார்டில் அம்மன் பாட்டு ஏற்றிவரும் பொறுப்பை என்னிடம் தந்திருந்தார்கள். ஐம்பது வயதுக்காரனுக்கு வேறு எந்த வேலையும் வராது என்று ஊர் முடிவு செய்தபின் தருகிற பொறுப்பு அது.

கிளம்பும்போது எதிர்வீட்டு அக்கா இன்னொரு கார்டைக் கொடுத்தார். அவருடைய கணவர் வளைகுடாவில் வேலை பார்த்த இடத்திலேயே இறந்து, வருடம் நெருங்கிக்கொண்டிருந்தது. "அவுக போன்ல கெடந்தது தம்பி. படம் பூராம் இதுலதான் இருக்கு. நல்லதா ஒண்ணப் பெருசு பண்ணி பிரேம் போட்டு வாங்கியாங்க, தலைத்திவசத்துக்கு வைக்கணும்" என்றார். அந்தப் படங்களுக்கு வேறெங்கும் பிரதி கிடையாது.

மெமரி கார்டு என் கண்ணெதிரே வளர்ந்த பொருள். தபால்தலை அளவில் பார்த்திருக்கிறேன். இப்போது சுண்டுவிரல் நகமாகிவிட்டது. அது சிறுக்கச் சிறுக்கக் கொள்ளளவு கூடியது. எனக்கு இரண்டுமே தலைகீழ். கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு, இரண்டு கறுப்பு நகங்களையும் ஒரே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

செல்போன் கடையில் ஒன்றைக் கொடுத்தேன். அங்கே எந்தக் கார்டு வந்தாலும் முதலில் துடைத்து அழித்துவிட்டுத்தான் பாட்டு ஏற்றுவார்கள். ஏற்றி வாங்கிக்கொண்டு, மற்றதை ஸ்டுடியோவில் நீட்டினேன். கணினியில் போட்டுப் பார்த்தவர், "என்னண்ணே, ஒரு படத்தையும் காணோம்? பூராம் அம்மன் பாட்டால்ல இருக்கு!" என்றார். அது முந்தைய திருவிழாப் பாட்டு இருந்த கோயில் கார்டு; அழிக்கக் கொடுத்தது அக்காவுடையது.

திரும்ப ஓடினேன். செல்போன் கடைக்காரர் திட்டவில்லை. "இனி இதுல ஒண்ணும் ஏத்திராதீங்க. பாட்டு கொஞ்ச எடத்தத்தான் பிடிச்சிருக்கு, மிச்சத்தத் தோண்டிப் பாப்போம்" என்று ஏதோ ஒரு மென்பொருளை ஓடவிட்டார். மூன்று நாள் அலைந்தேன். கிடைத்தவற்றில் பெரும்பாலானவை பாதிப் படங்கள்: மேலே முகம், நெஞ்சுக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.

அக்காவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். பிறகு, "உசுரோட இருக்கையிலயே ரெண்டு வருசத்துக்கு ஒருக்காத்தான் வந்தாக. இப்பப் பாதியாச்சும் வந்தாகளே. விடுங்க தம்பி" என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம்.

முகம் மட்டும் வெட்டியெடுத்த படம் திவசத்தன்று மாலையோடு இருந்தது. படம் அச்சு அசலா இருக்கே என்று சொந்தக்காரர்கள் சொல்ல, "எதிர்வீட்டுத் தம்பிதான் மூணு நாளா அலைஞ்சு கொண்டாந்துச்சு" என்றார் அக்கா. பந்தியே என்னைப் பாராட்டியது. நான் இலையை விட்டுத் தலை நிமிரவில்லை.

மீதி உண்மையை அவர் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. யாராவது என்னை நல்ல மனுஷன் என்று சொல்லும்போதெல்லாம், அந்த அக்கா எனக்காக விழுங்கிக்கொண்டதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது.