இல்லாத சரக்கு

நான் வேலை பார்த்த கடையின் முதலாளி பாயை நினைத்தால் அந்த பார்கோடு ஸ்கேனர்தான் முதலில் கண்ணில் வருகிறது. கறுப்பு நிறம், பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி, விசையை அழுத்தினால் முன்பக்கம் சிவப்பாக ஒரு கோடு. சாஃப்ட்வேர் விற்க வந்த தம்பி அதை மேசைமேல் வைத்துவிட்டு, "டெமோவுக்கு வெச்சுக்கோங்க பாய், இதுக்குக் காசு வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். பாய் அதைத் தொடவில்லை. சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன்மேல் போட்டு மூடினார். "சும்மா குடுக்குறான்னா நம்மகிட்ட ஏதோ பெருசா எடுக்கப் போறான்மா" என்றார்.

திருவண்ணாமலை பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அவருடைய மொத்த வியாபாரக் கடை இருந்தது. பேப்பர் கப், தொன்னை, பாக்குமட்டைத் தட்டு, தண்ணீர் பாட்டில், பிஸ்கட் என்று கிரிவலப் பாதையில் இருக்கும் சிறு கடைகளுக்கும் அன்னதானம் போடுகிறவர்களுக்கும் வேண்டியதெல்லாம் அங்கிருந்துதான் போகும். நான் பி.காம். முடித்து வேங்கிக்காலிலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து அங்கே கணக்கு பார்த்துக்கொண்டிருந்தேன். மற்ற நாட்களில் கடை சாதுவாக இருக்கும். பௌர்ணமிக்கு முந்தின நாட்களில் மூச்சுவிட நேரம் இருக்காது. எந்தக் கிடங்கில் எது இருக்கிறது, எது தீர்ந்துபோனது என்பதெல்லாம் பாயின் தலைக்குள் இருந்தது. வயது ஏற ஏற அந்தத் தலையையே அவர் சந்தேகப்பட ஆரம்பித்தார். சாஃப்ட்வேர் வாங்கலாம் என்று அவர் ஒப்புக்கொண்டதற்கு அது ஒன்றுதான் காரணம்.

அந்தத் தம்பி மடிக்கணினியைத் திறந்து வைத்து ஒவ்வொரு வசதியாகக் காட்டினார். பாயிடம் எல்லாவற்றுக்கும் ஒரே கேள்விதான். "இது எனக்குச் சொல்லுதா, என்னைப் பத்திச் சொல்லுதா?" பாட்டில், பிஸ்கட்டின் காலாவதித் தேதியை முன்கூட்டியே எச்சரிக்கும் வசதி அவருக்குச் சொல்வது, அது வேண்டும். சரக்கு குறைந்தால் நினைவூட்டுவதும் வேண்டும். வாடிக்கையாளர் பட்டியலைக் கம்பெனியின் சர்வரில் ஏற்றி வைப்பது அவரைப் பற்றிச் சொல்வது, அது வேண்டாம். சரக்கு தீரும்போது தானே ஆர்டர் போட்டுவிடும் என்று தம்பி பெருமையாகச் சொன்னதும் பாய் சிரித்துவிட்டார்.

"எதை வெச்சு ஆர்டர் போடும்?"

"போன மாச விற்பனையை வெச்சு பாய்."

"ஐப்பசி விற்பனையைப் பாத்துட்டு கார்த்திகைக்குச் சரக்கு போட்டா, தீபத்தன்னைக்கு வர்ற ஜனங்க கையிலயா வாங்கிச் சாப்பிடுவாங்க?"

தம்பி அந்தப் பேச்சை விட்டுவிட்டார். இருந்தாலும் ஒரு மாதம் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கச் சொன்னார். அவர் போன பிறகு பாய் என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "பாக்குமட்டைத் தட்டு, பெரிய சைஸ், ஒரு லாரி இறங்கியிருக்குன்னு அதுல ஏத்தும்மா" என்றார். அப்படி ஒரு சரக்கு எங்களிடம் இல்லவே இல்லை. நான் விழித்தேன். "நீ ஏத்து. உனக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியக்கூடாது" என்றார்.

அவர் காரணமில்லாமல் அதைச் செய்யவில்லை. சில பௌர்ணமிகளாகவே ஊருக்குள் இருந்த இன்னொரு மொத்த வியாபாரி, நாங்கள் என்ன விலை சொல்லப் போகிறோம் என்று தெரிந்தவர்போல அதற்குக் கொஞ்சம் கம்மியாகச் சொல்லி எங்கள் வாடிக்கைகளை இழுத்துக்கொண்டிருந்தார். அன்னதானக் குழு ஒன்று அப்படித்தான் போய்விட்டது. அந்தத் தம்பி சாஃப்ட்வேர் பேச்சோடு கடைக்குள் வந்துபோக ஆரம்பித்ததும் ஏறக்குறைய அதே சமயம்தான்.

அடுத்த வாரம் அடி அண்ணாமலையில் டீக்கடை வைத்திருக்கும் அக்கா கப் வாங்க வந்தார். இரண்டு கடையிலும் சரக்கு எடுப்பவர். பையை மடித்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார். "என்ன பாய், பாக்குமட்டைத் தட்டு லாரியில இறக்கிட்டீங்களாமே? அந்தக் கடையில பேசிக்கிறாங்க."

பாய் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "ஆமாம்மா, வரும்" என்று சொல்லி அவரை அனுப்பினார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். ஆனால் அந்தப் பார்வையில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இல்லாத சரக்கைப் பற்றித் தெரிந்தவர்கள் மூன்றே பேர். பாய் சொல்லியிருக்க மாட்டார். மிச்சம், சாஃப்ட்வேருக்குள் ஏற்றியதைப் பார்க்கக்கூடிய அந்தத் தம்பியும் நானும்.

அதுவரை தொழுகைக்குப் போகும்போது செல்போனையும் கிடங்குச் சாவியையும் என் மேசைமேல் வைத்துவிட்டுப் போவார். அதன்பின் இரண்டையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். என் போன் அடித்தால் அவர் கை செய்துகொண்டிருக்கும் வேலை நின்றுவிடும். அம்மாவிடம் "சாயங்காலம் வந்துடுறேன்" என்று சொல்வதற்குக்கூட எனக்குக் கூச்சமாக இருந்தது. வெளியே போய்ப் பேசினால் ஏன் வெளியே போகிறாள் என்று நினைப்பார். உள்ளேயே பேசினால் நடிக்கிறாள் என்று நினைப்பார். நானும் அவரை வேவு பார்க்க ஆரம்பித்தேன். ஒருவேளை என்னை வெளியேற்ற அவரே கட்டிய கதையோ என்றுகூட ஒருநாள் தோன்றியது. சந்தேகம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு அவ்வளவு சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும் என்று எனக்கு அப்போது தெரியாது.

சில நாள் கழித்து வேலூரிலிருந்து மலிவு விலையில் தண்ணீர் பாட்டில் வருகிறது என்று பாய் என்னிடம் சொன்னார். நான் தலையாட்டிவிட்டு வேலையைப் பார்த்தேன். அடுத்த முறை டீக்கடை அக்கா வந்தபோது, "மந்தாரை இலைத் தொன்னை புதுசா வருதாமே?" என்று கேட்டார். அப்படி ஒரு தொன்னை வருவதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. பாட்டிலைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை.

அக்கா போனதும் பாய் நாற்காலியை என் மேசைக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தொன்னை விஷயத்தை அந்தத் தம்பிகிட்ட மட்டும் போன்ல சொன்னேன். பாட்டில் விஷயத்தை உன்கிட்ட மட்டும் சொன்னேன். உன்னையும் சோதிச்சேன்மா. இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன்."

எனக்குக் கண்ணீரும் கோபமும் ஒன்றாக வந்தன. "நாளையிலேர்ந்து நான் வரலை பாய்" என்றேன்.

"அது உன் இஷ்டம். ஆனா சந்தேகத்தை உள்ளயே வெச்சுக்கிட்டு உன்கூடச் சிரிச்சுப் பேச எனக்கு வரலை. சோதிச்சேன், தீர்ந்துபோச்சு."

அன்று மாலை அந்தத் தம்பியை வரச்சொல்லிக் கேட்டார். தம்பி மறுக்கவில்லை. அவருடைய லாகினில் எங்கள் சரக்கு, விலை எல்லாமே தெரிந்திருக்கிறது. அந்தக் கடைக்கும் சாஃப்ட்வேர் விற்கும் ஆசையில், பாய் கடையிலேயே இவ்வளவு சரக்கு ஏற்றிவிட்டார்கள் என்று காட்டியிருக்கிறார். அதற்கு முன்பே, எங்கள் கடைக்கு வந்துபோனபோது காதில் விழுந்த விலைகளையும் பேச்சுவாக்கில் உளறியிருக்கிறார். "பிசினஸ் பேச்சுல சொல்லிட்டேன் பாய், தப்பா எதுவும் நினைக்கலை" என்றார். அவர் சொன்னதை நான் நம்பினேன். கெட்ட எண்ணம் இல்லாமலேயே ஒரு மனிதர் இவ்வளவு சேதம் செய்ய முடியும் என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பாய் மேசைமேல் இருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்கேனரை அவர் கையில் கொடுத்தார்.

நான் மறுநாளும் வேலைக்குப் போனேன். போகாமலிருந்தால் நான்தான் சொல்லியிருப்பேன் என்று யாராவது நினைப்பார்களோ என்ற பயம்தான் காரணம்.

வேறொரு கம்பெனியின் சாஃப்ட்வேரைத் தேர்ந்தெடுத்தோம். இந்த முறை பாய் முதலில் கேட்டது காலாவதித் தேதியை அல்ல. யாருக்கு எது தெரியும், யார் எதைத் திருத்தினார்கள் என்று பதிவாகுமா, நாளைக்கு வேண்டாம் என்று விட்டால் எங்கள் விவரங்களை நாங்களே எடுத்துக்கொள்ள முடியுமா, கம்பெனிக்காரர் உள்ளே வர எங்கள் அனுமதி வேண்டுமா என்று கேட்டார். எல்லாம் முடிந்து, எனக்கு என்னென்ன காட்டலாம் என்று கம்பெனிக்காரர் கேட்டபோது, "எல்லாமே காட்டுங்க" என்றார் பாய்.

நான் குறுக்கிட்டேன். "வாங்கின விலை எனக்குத் தெரிய வேணாம் பாய். அடுத்த தடவை ஏதாவது வெளியே போனா என் பேரு வரக்கூடாது."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் சொன்னபடியே வாங்கின விலையை எனக்குத் தெரியாதபடி மூடிவிட்டார்கள்.

இப்போது கலெக்டர் ஆபீசுக்கு எதிரே நானே ஒரு ஸ்டேஷனரி கடை நடத்துகிறேன். சாஃப்ட்வேர் விற்பவர்கள் வந்தால் பாயின் கேள்விகள்தான் என் வாயிலும் வருகின்றன. ஆனால் என்னிடம் வேலை செய்யும் பெண்ணையும் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் கேட்கிறேன். உனக்கு இது தெரியும், இது தெரியாது என்று அவள் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறேன். ரகசியமாகச் சோதிக்கப்படுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பாய் கடையில் நான் இருந்த கடைசி வருஷம், தீபத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் அவர் நெஞ்சுவலி வந்து வேலூரில் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். வாங்கின விலை தெரியாமல் யாருக்கும் விலை சொல்ல முடியவில்லை. அங்கிருந்தே போன் செய்து தன் பாஸ்வேர்டைச் சொன்னார். அதை வைத்துத்தான் அந்தத் தீபத்தைச் சமாளித்தேன். அவர் இளைத்துப்போய்த் திரும்பி வந்த அன்று, உட்கார்ந்ததும் சொன்னேன்.

"பாஸ்வேர்டை மாத்திடுங்க பாய்."

"எதுக்கும்மா?"

"மாத்துங்க."

கணினியை அவர் பக்கம் நகர்த்திவிட்டு நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். அவர் ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தார். புது பாஸ்வேர்டின் ஒவ்வொரு எழுத்தையும் தட்டுவதற்கு முன், எனக்குக் கேட்கும்படி நிதானமாக, வாய்விட்டுச் சொன்னார்.