கண் திறக்கும் தேவாசீர்வாதம்

தேவாசீர்வாதம் காமிராவின் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு கல்யாண வீட்டாரை அதட்டிக்கொண்டிருக்கிறார். "ரெண்டாம் வரிசை மீசைக்கார அண்ணாச்சி, தாடைய எறக்குங்க. கருப்புக் கண்ணாடி போட்டிருக்கவுக களட்டிருங்க, வெயிலு பட்டு மின்னும். மதினி, நீங்க எதுக்கு அங்கிட்டுச் சாயுதீக, தூணா விளப்போகுது?" துணிக்குள்ளிருந்து வரும் அந்தக் குரலுக்கு ஒரு தாசில்தாரின் மிடுக்கு உண்டு. முப்பது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். துணியை விலக்கி வெளியே வந்தால் ஆள் வேறு. ஒல்லியாக, சற்றே கூன் போட்டு, பந்தியில் இன்னொரு அப்பளம் கேட்கக்கூடக் கூச்சப்படுகிற மனுஷர்.

விருதுநகர்த் தெப்பக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் அவருடைய ஸ்டுடியோ. மாடி அறையில் நான் குடியிருக்கிறேன். ஆறு வருஷமாக அவரைத் தினமும் பார்க்கிறேன். அவர்தான் என்னை அடையாளம் கண்டுகொள்ளச் சிரமப்படுவார். காமிராவின் பின்புறக் கண்ணாடியில் ஆட்கள் தலைகீழாக விழுகிறார்கள் அல்லவா, முப்பது வருஷம் அப்படியே பார்த்துப் பழகிவிட்டார். பஜாரில் யாராவது வணக்கம் சொன்னால் தலையைத் தோள்வரை சாய்த்துப் பார்த்துவிட்டு, "அடடே, அச்சங்குளம் மாப்பிள்ளையில்லா" என்பார். "நேராப் பாத்தா ஒருத்தரையும் பிடிபட மாட்டேங்கு சார். கவுத்துப் போட்டா சட்டுனு தெரிஞ்சிருது."

படமெடுப்பதில் அவருக்கென்று சில வழிகள் இருக்கின்றன. முன்வரிசையில் உட்காருகிறவர்களுக்குத் தங்கள் கையை என்ன செய்வதென்று தெரிவதில்லை. சிலர் முழங்காலைப் பிசைவார்கள், சிலர் முஷ்டியை மடக்கிச் சண்டைக்கு வந்தவர்போல இருப்பார்கள். தேவாசீர்வாதம் ஆளுக்கு ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்துவிடுவார். கையில் ஒரு பொருள் வந்ததும் கை அடங்கிவிடுகிறது. இந்த ஜில்லாவில் முன்வரிசைக்காரர்கள் அத்தனை பேரும் எதையோ பொத்திப் பிடித்திருக்கிற படம் கண்ணில் பட்டால், எடுத்தவர் யார் என்று விசாரிக்கவே வேண்டாம். பழத்தைத் திருப்பிக் கேட்க மாட்டார். ஆனால் எத்தனை திரும்பவில்லை என்பதை வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வருவார்.

சிரிக்கச் சொல்வதும் இல்லை. சிரிங்க என்றால் நம்மவர்கள் பல்வலி வந்தவர்போல ஆகிவிடுகிறார்கள். "மாப்பிள்ளே, காலையில என்ன பலகாரம்?" என்று கேட்பார். மாப்பிள்ளை யோசித்து வாயைத் திறக்கப்போகும் அந்தக் கணத்தில் காமிராக் கண்ணைத் திறந்து மூடும் ரப்பர் பந்தை அமுக்கிவிடுவார். "பதிலு வாய்க்குள்ள இருக்கையில எடுத்துரணும் சார். வெளிய வந்துட்டா மூஞ்சி பளையபடி ஆயிரும்."

பெண்களோடுதான் அவருக்கு ஓயாத சண்டை. படம் பதிவதற்கு அவர் வாங்குகிற மலிவான கண்ணாடி பிளேட்டுக்கு மஞ்சளும் சிவப்பும் கறுப்பாகவே தெரியும். முகம் நிறைய மஞ்சள் பூசி வந்த பெண் படத்தில் கரி பிடித்த சட்டிபோல விழுவாள். ஆகவே ஈரத்துண்டும் பவுடர் டப்பாவும் காமிராப் பெட்டியிலேயே இருக்கும். "மஞ்ச இல்லாம என்னய்யா கல்யாணம்?" என்று அத்தைமார் பாய்வார்கள். "பூசுங்க தாயி, படம் எடுத்த பெறகு ஒரு மரக்கா பூசுங்க. இப்பப் பூசிட்டு, பொண்ணு கருத்திருச்சேன்னு எங்கிட்ட வரப்பிடாது" என்பார், துணிக்குள்ளிருந்துதான்.

மற்ற ஊர்களில் படமெடுக்கிறவர்கள் பளீரென்று வெளிச்சம் அடித்து எடுக்கிறார்கள். இவரும் ஆரம்பத்தில் திருத்தங்கலில் ஒரு வீட்டில் அதைச் செய்து பார்த்தார். பாதிப்பேர் பட்டாசுக் கம்பெனி ஆட்கள். வெளிச்சம் அடித்த மறுகணம் பந்தலில் மாப்பிள்ளையும் பெண்ணும் ஐயரும்தான் மிச்சம். "அவுகளச் சொல்லிக் குத்தமில்ல சார். படார்னு வெளிச்சம் வந்தா நின்னு பாக்குறவனுக்கா இங்கன சோலி? செருப்பக்கூடத் தேடாம ஓடுனாத்தான் உசிரு." அன்றோடு அதைத் தலைமுழுகிவிட்டார். காலை ஒன்பது மணி வெயில்தான் அவருக்கு விளக்கு. மாப்பிள்ளையின் தாய்மாமன்கள் இரண்டு பேரை ஆளுக்கொரு முனையாக வெள்ளை வேட்டியைப் பிடிக்கச் சொல்லி, அதில் பட்ட வெயிலை முகங்களில் விழவைப்பார். இந்த வட்டாரத்தில் தாய்மாமன் பிடிக்காத வேட்டியே இல்லை என்று சொல்லலாம். வெயிலைப் பார்த்து நிற்கிறவர்களில் மூன்றில் ஒருவர் கண்ணை மூடிவிடுவார். அங்கேதான் அவருடைய அசல் வித்தை ஆரம்பமாகிறது.

ஜன்னலோரம் சாய்வாக ஒரு மரப்பெட்டி, நடுவில் சதுர ஓட்டை. அடியில் முகம் பார்க்கிற கண்ணாடியைச் சாய்த்து வைத்து வெளிச்சத்தை மேலே ஏற்றுகிறார். ஓட்டையின்மேல் நெகட்டிவ் பிளேட். உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்துப் பென்சிலை ஊசியாக்கிக்கொள்வார். நெகட்டிவில் எல்லாமே மாறாட்டம்: பென்சில் பட்ட இடம் படத்தில் வெளுக்கும், கத்தியால் சுரண்டிய இடம் கறுக்கும். அம்மைத் தழும்புகளைப் புள்ளி புள்ளியாகப் பென்சிலால் நிரப்பி மூடுவார். மூடிக்கிடக்கும் இமையின்மேல் பென்சிலால் இரண்டு வெள்ளை, நடுவே கத்தி நுனியால் ஒரு கருவிழி. இதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் கண் திறப்பு. சிற்பி ஒரு சிலைக்கு ஒரு தடவை திறக்கிறான். இவர் ஒரு முகூர்த்தத்துக்குப் பத்துப் பேருக்காவது திறந்துவிடுகிறார்.

"இது பொய்யில்லையா?" என்று ஒருநாள் சீண்டினேன்.

"பொய் என்ன சார். அவுக கண்ணு அவுகளுக்கு இருக்கு. வெயிலு மூட வச்சிருச்சு. நா திருப்பிக் குடுக்கேன், அம்புட்டுத்தான்."

அந்தச் சின்னக் கத்தி அவர் மனைவி ஆரோக்கியம் கொடுத்தது. அந்த அம்மாள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கே முனை மழுங்கிக் கழித்துப்போட்டதைக் கேட்டு வாங்கி வந்து கொடுத்தார். காலைப் பலகார வேளையில் முடிந்த படங்கள் எல்லாம் அம்மாள் பார்வைக்குப் போகும். வார்டில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு போவதுபோல ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். "இவருக்கு ரத்தம் கம்மி", "இந்தப் பிள்ளைக்கு டான்சில் இருக்கும்" என்று ஏதாவது சொல்லிவிட்டு டூட்டிக்குக் கிளம்புவார்.

சென்ற மாசியில், தேர்தல் சுவரெழுத்து இன்னும் பளிச்சென்று இருந்தபோது, ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு கல்யாணம். பெண் பெயர் முத்துமாரி. குரூப் படத்தில் முப்பத்திரண்டு பேர். பதினோரு பேர் கண் மூடியிருந்தார்கள். தேவாசீர்வாதம் பதினோரு பேருக்கும் கண் திறந்தார். பெண் வீட்டுக்கு உரிய பிரதியை அவசரத்தில் மனைவியிடம் காட்டாமலே பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினார். ஒரு வாரம் கழித்து, மாப்பிள்ளை வீட்டுக்குப் போகவேண்டிய பெரிய பிரதி ஆரோக்கியத்தம்மாள் கைக்கு வந்தது. அம்மாளின் விரல் முன்வரிசையில், பெண்ணுக்கு அடுத்த நாற்காலியில் நின்றது.

"இவருக்கு எப்பக் கண்ணு வந்துச்சு?"

"யாருக்கு?"

"இந்த அரைக் காது எனக்குத் தெரியும். சங்கிலிமுத்து. மூணு வருசத்துக்கு முந்தி வெடி மருந்து கலக்கையில தீப்பிடிச்சு வந்தவரு. நாப்பது நாளு நாந்தான் கட்டு மாத்துனேன். ரெண்டு கண்ணும் போச்சுல்லா."

சங்கிலிமுத்து பெண்ணின் தகப்பனார். தேவாசீர்வாதம் அவரைத் தலைகீழாக மட்டுமே பார்த்திருந்தார். கன்னத்துத் தீத்தழும்பையும் அம்மை என்றெண்ணிப் பென்சிலால் மூடியிருந்தார். அன்று அவர் இட்லியைத் தொடவில்லை. மத்தியானமும் சாப்பிடவில்லை. மாடியேறி என் அறைக்கு வந்து வாசலிலேயே நின்றார்.

"கருப்புக் கண்ணாடியக் களட்டுங்கன்னு நாந்தான சார் சொன்னேன். ஒரு வார்த்த பேசாமக் களட்டுனாரு மனுசன். இப்பக் கண்ண வேற வரஞ்சு அனுப்பிருக்கேன். ஊரு கூடி வச்சுக் கேலி பண்ணாப்புல ஆயிட்டுல்லா."

மறுபடி மூடிவிட முடியாதா என்று கேட்டேன். சுரண்டியது சுரண்டியதுதான் என்றார். பென்சிலால் இமை வரையலாம், ஆனால் அது செத்தவர் கண்ணை மூடிவைத்ததுபோல இருக்குமாம். குரூப் படத்துக்கு அந்த ஒரு பிளேட்தான் எடுத்திருந்தார். அதை உடைத்தால் முத்துமாரிக்குக் கல்யாணக் குரூப் படமே இல்லை. உடைக்காவிட்டால் கண்ணில்லாத ஒரு மனுஷரைப் பரிகாசம் செய்த படம் இரண்டு வீட்டிலும் ஆணியில் தொங்கும். "அவுக கையிலயே குடுத்துருதேன் சார். ஒடைக்கணும்னா ஒடைக்கட்டும். கூட வாரீகளா?" தனியாகப் போக அவருக்குப் பயம். அங்கே தலையை நுழைத்துக்கொள்ளக் கறுப்புத் துணி கிடையாதே.

பிளேட்டை நாலு மடிப்புத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, சாத்தூரில் பஸ் மாறிப் போனோம். ஊருக்குள் வாசலுக்கு வாசல் வெடிக்குச் சுருட்டிய காகிதக் குழல்கள் காய்ந்துகொண்டிருந்தன. சங்கிலிமுத்துவும் அதைத்தான் சுருட்டிக்கொண்டிருந்தார். கண்ணின் துணை வேண்டாத வேகம் அந்த விரல்களில். அவர் மனைவி பாலம்மாள் எங்களைப் பார்த்ததும், "படக்காரக வந்திருக்காக" என்று அவருக்குச் சொல்லிவிட்டுச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். உள்சுவரில், சாமி படங்களுக்குப் பக்கத்தில், அந்தக் குரூப் படம் மாட்டியிருந்தது.

தேவாசீர்வாதம் தண்ணீரைக் குடிக்கவில்லை. "அண்ணாச்சி, தப்பு நடந்துபோச்சு. எனக்குச் சத்தியமாத் தெரியாது. பிளேட்டக் கொண்டாந்திருக்கேன். நீங்களே ஒடைச்சிருங்க" என்று துண்டைப் பிரித்து அவர் மடியில் வைத்தார்.

சங்கிலிமுத்து கண்ணாடியின் விளிம்பைத் தடவிப் பார்த்தார்.

"ஒடைக்க விட மாட்டேன்" என்றாள் பாலம்மாள். "படத்துல நிக்கவே மாட்டேன்னாக இவுக. கண்ணு போனவனுக்கு என்ன படம்னாக. எம் மகதான் கையப் பிடிச்சு இளுத்து உக்கார வச்சா. அதுல தளும்பு இல்ல, கண்ணும் இருக்கு. முந்தி எப்படி இருந்தாகளோ அப்படியே இருக்காக. நாந்தான் தெனமும் பாத்துக்கிட்டு இருக்கேன்."

"நீ செத்தச் சும்மா இரு" என்றார் சங்கிலிமுத்து. பிறகு எங்கள் பக்கம் முகத்தைத் தூக்கினார். "கண்ணு தெறந்திருக்குன்னு இவ ஒரு வாரமாச் சொல்லுதா. தெறந்தது தெறந்துட்டுப் போகுது. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இதுல நான் எங்கிட்டுப் பாக்கேன்?"

"நேரா, அண்ணாச்சி. காமிராவ."

"மத்தவுக?"

"அம்புட்டுப் பேரும் காமிராவத்தான்."

"மத்தவுக பாக்கட்டும். உங்க காமிராவுல எனக்கு என்ன சோலி?" குரலில் கோபம் இருந்தது. "எம் மக எங்கன இருக்கா?"

"உங்களுக்கு வலது கைப் பக்கம். அடுத்த நாற்காலி."

"கல்யாணத்தன்னிக்கு அவ எப்படி இருந்தா, என்ன சேல, தலையில எம்புட்டுப் பூவு, எல்லாம் இவகிட்டக் கேட்டுக் கேட்டுத்தான தெரிஞ்சுக்கிட்டேன். இப்பக் கண்ணுன்னு ஒண்ணு குடுத்திருக்கீக. அத வச்சும் எம் மகளப் பாக்காம ஒங்களயா பாக்கச் சொல்லுதீக?"

எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. கத்தியும் பென்சிலும் இல்லாமல் தேவாசீர்வாதம் வெளியூர் போனதே கிடையாது. பிளேட்டை எடுத்துக்கொண்டு நிலைப்படியில் உட்கார்ந்தார். வாசல் வெளிச்சத்துக்கு அதைத் தூக்கிப் பிடித்துவிட்டு, தயங்கித் தயங்கி, "எப்படித் திரும்புவீகன்னு கொஞ்சம் காட்டுனா நல்லாருக்கும் அண்ணாச்சி" என்றார்.

பாலம்மாள் வந்து, கணவருக்கு வலது கைப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வளையல் சத்தம் கேட்ட பக்கம் சங்கிலிமுத்து மெதுவாக முகத்தைத் திருப்பினார். தேவாசீர்வாதம் நடுவிலிருந்த கருவிழியைப் பென்சிலால் மூடிவிட்டு, மகள் இருக்கும் பக்கத்து ஓரத்தில், ஒரு நூல் தள்ளிப் புதிதாகச் சுரண்டத் தொடங்கினார். அந்தச் சத்தம் நிற்கும்வரை சங்கிலிமுத்து அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.