பூட்டு மேடத்தின் மூன்று கேள்விகள்

என் அக்காவுக்கு மாணவர்கள் வைத்த பெயர் பூட்டு மேடம். சட்டக் கல்லூரியில் அந்தரங்க உரிமையும் தகவல் பாதுகாப்பும் பாடம் எடுத்தவள். பட்டப்பெயர் காதுக்குப் போனதும் ஆடித் தீர்ப்பாள் என்று பார்த்தால், "பரவால்லையே, சரியாத்தான் வெச்சிருக்காங்க" என்று சிரித்தாள். நான் அவளுக்கு நான்கு வயது இளையவள். தையல் கடை வைத்திருக்கிறேன். அவள் படித்ததில் கால்வாசிகூட நான் படித்ததில்லை. ஆனால் ஆயுள் முழுக்க அவளோடு மல்லுக்கட்டியதற்கு எனக்கும் அந்தக் கல்லூரி ஒரு பட்டம் கொடுத்திருக்க வேண்டும்.

அவளோடு கடைக்குப் போவது பெரிய இம்சை. பில் போடும் பெண் தெரியாத்தனமாக "போன் நம்பர் சொல்லுங்க மேடம்" என்று கேட்டுவிட்டால் போதும், அக்கா பையைக் கீழே வைத்துவிடுவாள். "எதுக்கு? யார்கிட்ட போகும்? எப்போ அழிப்பீங்க?" இந்த மூன்று கேள்விதான். அந்தப் பெண் திருதிருவென்று விழிக்கும். பின்னால் வரிசை வாசல்வரை நீளும். நான் என் நம்பரைச் சொல்லி, மானத்தைக் காப்பாற்றி, அவளைத் தள்ளிக்கொண்டு வெளியே வருவேன். வழியெல்லாம் எனக்கு அர்ச்சனை நடக்கும்.

"ஒரு சோப்புக்காக உன்னையே கொடுத்துட்டு வர்றியேடி."

"என் நம்பரை வெச்சு அவங்க என்ன கோட்டையா கட்டப்போறாங்க?"

"கட்டுவாங்க. அப்ப நீயே போய் வாடகைக்கு இருப்ப."

என் கடையையும் அவள் விடவில்லை. வாடிக்கையாளர்களின் அளவுப் புத்தகத்தை மேசைமேல் திறந்து போட்டிருந்தேன் என்று ஒருநாள் குதித்தாள். இடுப்பளவும் ஒருத்தியின் அந்தரங்கம்தானாம். அன்றிலிருந்து அந்தப் புத்தகம் அலமாரிக்குள் இருக்கிறது. ஒன்றுமட்டும் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகு என் கடைக்கு வரும் பெண்கள் கூடினார்கள்.

அவள் இந்தத் துறைக்குள் வந்த காலத்தில் யாரும் அதை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. சொத்துச் சட்டம் நடத்துகிறவர்களும் குற்றவியல் நடத்துகிறவர்களும்தான் அங்கே ராஜா. இவளுக்குக் கிடைத்தது சாப்பாட்டுக்குப் பிந்தைய தூக்க நேர வகுப்பும், கழிப்பறைக்குப் பக்கத்து அறையும். "அந்தரங்கத்துக்கு ஏத்த இடம்தான்" என்று சக பேராசிரியர் ஒருவர் கிண்டலடித்தார். பிறகு ஆளாளுக்குக் கையில் போன் வந்தது. பெரிய அரங்கத்தைத் திறந்துவிட்டும் பிள்ளைகள் படியில் உட்கார்ந்து பாடம் கேட்டார்கள். கிண்டலடித்தவரே தன் கணக்கை எவனோ திறந்துவிட்டான் என்று இவளிடம் ஓடிவந்தார்.

வருடா வருடம் முதல் வகுப்பில் அவள் ஒரு வேலை செய்வாள். உள்ளே நுழைந்ததும் ஒன்றும் பேசாமல் ஆளுக்கொரு தாள் கொடுப்பாள். பெயர், முகவரி, ரத்த வகை, வீட்டு வருமானம், இருக்கும் நோய், கடைசியாக அழுத நாள். பிள்ளைகள் குனிந்த தலை நிமிராமல் எழுதிக் கொடுப்பார்கள். எல்லாவற்றையும் வாங்கி அடுக்கிக்கொண்டு, "எதுக்குன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?" என்பாள். அத்தனை தாளையும் அவர்கள் கண்ணெதிரிலேயே கிழித்துப் போட்ட பிறகுதான் பாடம் ஆரம்பிக்கும்.

முதல் பாடம், சம்மதம். பேசாமல் இருந்தால் சம்மதம் இல்லை. தலையாட்டினாலும், புரிந்துதான் ஆட்டினார்களா என்று பார். நேற்றுக் கொடுத்த சம்மதம் இன்றைக்குச் செல்லாது. இது வெறும் வகுப்புப் பேச்சும் இல்லை. முதியோர் இல்லங்களில் படுக்கையறை வரைக்கும் கேமரா மாட்டுவதைப் பற்றி அவள் ஆராய்ச்சி செய்தபோது, படுத்த படுக்கையாய்க் கிடந்த ஒரு அம்மா மூன்று நாள் மனம்விட்டுப் பேசினாராம். நான்காம் நாள் கேட்டபோது, "வேணாம்மா, நான் சொன்னதையெல்லாம் மறந்துடு" என்றிருக்கிறார். அந்த ஆராய்ச்சியை வைத்து அவள் எழுதிய புத்தகத்தில் இருந்ததிலேயே நல்ல பகுதி அதுதான். அக்கா அவ்வளவையும் நீக்கிவிட்டாள். நான் கேட்டதற்கு, "அந்தம்மாகிட்ட மிச்சம் இருந்ததே வேணாம்னு சொல்ற உரிமை ஒண்ணுதான்டி. அதையும் நான் பிடுங்கிக்கணுமா?" என்றாள்.

அத்தான் தவறிய பிறகு அக்கா என் வீட்டு மாடிக்கே வந்துவிட்டாள். கீழே கடை, பின்னால் நான். அவள் ஒரே மகன் கண்காணாத தூரத்தில் வேலை பார்க்கிறான். வந்த ஜோரில் தெருக்காரர்களோடு ஒரு சண்டை. தெருமுனையில் கேமரா வைக்கலாம் என்று சங்கத்தில் எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்திருந்தார்கள். இவள் கூட்டத்துக்குப் போய் மூன்று கேள்வியையும் கேட்டாள். பதில் சொல்லத் தெரியாமல் சங்கத் தலைவர் கேமராவையே கைவிட்டார். கூரியர் உறையில் இருக்கும் பெயரை நறுக்காமல் குப்பையில் போடமாட்டாள். யாராவது போட்டோ எடுக்கப் போனைத் தூக்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தன் சுவடே எங்கும் விழாமல் வாழ்ந்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ஒரு வருடம் முதல் வகுப்பு முடிந்து வந்தவள், பையை என் கடை மேசைமேல் வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். பை சரிந்து தாள்கள் கொட்டின. பெயர், முகவரி, ரத்த வகை, கடைசியாக அழுத நாள். மொத்த வகுப்பும் கிழிபடாமல் தரையில் கிடந்தது. நான் எடுத்துக்கொண்டு மேலே போய்க் காட்டினேன்.

"நான் கிழிக்கலையா?" என்றாள். முகம் வெளுத்துவிட்டது. "எதுக்குன்னு கேட்டீங்களான்னு அவங்களையாவது கேட்டேனா? கேட்டேனாடி?"

எனக்கு எப்படித் தெரியும்? இரண்டு பேரும் சமையலறையில் நின்று ஒவ்வொரு தாளாகக் கிழித்தோம். அடுத்த மாதம் டாக்டர் மறதி நோய்க்குப் பெயர் சொன்னார். இனி ஏறுமுகம் கிடையாது, இறங்குமுகம்தான் என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா என்னை எதிரில் உட்காரவைத்தாள்.

"இனிமே நீ என்னைக் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுட்டுப் பாக்க வேண்டியிருக்கும். தெரியும். எதைப் பண்றதா இருந்தாலும் என்னைக் கேட்டுட்டுப் பண்ணு. தினமும் கேளு."

"நான் கேக்கறது உனக்கே புரியாம போயிட்டா?"

"அப்பவும் கேளு. வேணாம்னா விட்டுடு."

நான் சத்தியம் எதுவும் செய்யவில்லை. சரி என்றேன். அவளிடம் சரி என்பது சத்தியத்துக்கு மேல்.

மகன் ஒரு கைக்கடிகாரம் வாங்கி அனுப்பினான். கட்டிக்கொண்டு எங்கே போனாலும் அந்த இடம் என் போனில் தெரியும், அவன் போனிலும் தெரியும். அறையில் மாட்ட ஒரு கேமராவும் கூட வந்தது. அதை நான் பெட்டியோடு பரணில் ஏற்றிவிட்டேன். கடிகாரத்தைமட்டும் தினமும் காலையில் கொண்டுபோய் அவள் முன்னால் நிற்பேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வாள். என்னைத் தெரிகிற நாளும் உண்டு, தெரியாத நாளும் உண்டு. ஆனால் அந்த மூன்று கேள்வி ஒருநாளும் தவறியதில்லை.

"எதுக்கு?"

"நீ வழி தெரியாம போயிட்டா கண்டுபிடிக்க."

"யார்கிட்ட போகும்?"

"எனக்கும் உன் பையனுக்கும்."

"நீங்க யாரு?"

"உன் தங்கச்சி."

"அதுக்கு ஆதாரம் இருக்கா?"

ஆதாரத்துக்கு எங்கே போவேன்? சின்ன வயதில் அவள் என்னைத் தள்ளிவிட்டதில் முழங்காலில் விழுந்த தழும்பைக் காட்டுவேன். குனிந்து பார்த்து, "சரி. எப்போ அழிப்பீங்க?" என்பாள். ராத்திரிக்குள் அழித்துவிடுவேன் என்பேன். "கட்டுங்க" என்று கையை நீட்டுவாள். சிரித்துக்கொண்டே கட்டிவிட்டு, படி இறங்கும்போது அழுவேன். நாள் தவறாமல் இதே கூத்துதான்.

அன்றைக்கும் அப்படித்தான் போய் நின்றேன். மூன்று கேள்வியும் கேட்டாள், நானும் பதில் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இன்னைக்கு வேணாம்" என்றாள். தெளிவாகச் சொன்னாள். எத்தனையோ மாதங்களாக நான் பார்க்காத பழைய அக்கா அந்த முகத்தில் இருந்தாள். எனக்குப் பயத்தோடு ஒரு சந்தோஷமும் வந்தது. கடிகாரத்தை இடுப்பில் செருகிக்கொண்டு கீழே வந்தேன். பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுக்கும் கெடு அது. இரண்டு மிஷினும் ஓடிக்கொண்டிருந்தன. தலையை வெளியே நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். துணி மூட்டை இறக்க வந்தவர் வாசல் கதவைத் தாழ் போடாமல் போயிருக்கிறார். சாப்பாட்டைத் தட்டில் போட்டு எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனால், அறையில் அவள் இல்லை.

போலீஸ் ஸ்டேஷனில் முதலில் கேட்டது போட்டோ.

"முகம் தெரியற மாதிரி ஒண்ணுகூடவா இல்ல?" என்றார் எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரர்.

"எடுக்க விடமாட்டாங்க சார்."

"தெருவுல கேமரா?"

"வேணாம்னுட்டாங்க."

"யாரு?"

"அவங்கதான்."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எந்தக் கடையிலும் அவள் நம்பர் இல்லை. அவள் பெயரைப் போட்டுத் தேடினால் புத்தகங்களின் தலைப்பு வந்தது, ஆள் வரவில்லை. கல்லூரியில் பழைய அடையாள அட்டையைத் தோண்டி எடுத்தார்கள். அதில் இருந்தது கருகருவென்ற முடியோடு ஒரு இளம்பெண். அதை வைத்து இவளை யார் கண்டுபிடிப்பார்கள்? ஒருத்தி வாழ்நாளெல்லாம் பாடுபட்டுத் தன்னை அழித்து வைத்திருந்தாள். ஊரே சேர்ந்து தேடியும் கிடைக்காத அளவுக்குக் கச்சிதமாகச் செய்திருந்தாள். எனக்கு அவள்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. போனில் மகன் கத்தினான். "வேணாம்னு சொன்னா விட்டுடுவீங்களா சித்தி? அவங்களுக்கு என்ன தெரியும்?" கத்தி முடித்து, தேம்பினான்.

இரண்டு ராத்திரி போயிற்று. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினேன். ஊருக்கு அந்தக் கோடியில் இருந்த பெரிய ஆஸ்பத்திரியில், வயசான அக்காவைக் காணோம் என்று நான் அடையாளம் சொல்ல ஆரம்பிப்பதற்குள் நர்ஸ் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பஸ் ஸ்டாண்டுல விழுந்து கிடந்தாங்கன்னு ஒரு அம்மாவைக் கொண்டுவந்து போட்டிருக்காங்க. இடுப்பெலும்பு முறிஞ்சிருக்கு. பேரு கேட்டா எதுக்குன்னு கேக்கறாங்க. விலாசம் கேட்டா யார்கிட்ட போகும்ங்கறாங்க. வலியில துடிக்கறாங்க, ஆனா வாயைத் திறந்து ஒரு விவரம் சொல்லலை."

"அது எங்கக்காதான்!" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

கட்டிலில் அரைக் கண்ணோடு கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. யாரோ வந்து சொந்தம் என்றால் விட்டுவிட முடியாதே, நர்ஸ் குனிந்து கேட்டார். "அம்மா, இவங்க யாருன்னு தெரியுதா?"

அக்கா என்னைப் பார்த்தாள்.

"தெரிஞ்சாலும் உங்ககிட்ட சொல்லமாட்டேன்" என்றாள்.

தெரிந்து சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. தெரிந்துதான் சொன்னாள் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன், அப்படி நினைத்தால்தான் தூக்கம் வருகிறது. அவள் போட்டிருந்த ரவிக்கையின் உள்பக்கத்தைத் திருப்பி, அவள் கேட்டு நான் தைத்துக் கொடுத்த ரகசியப் பையைக் காட்டி, சொந்தம் என்று நிரூபித்தேன். சொல்லமாட்டேன் என்றதுதான் அவள் பேசி நான் கேட்ட கடைசி வார்த்தை. ஆபரேஷனுக்குப் பிறகு அவள் பேச்சு திரும்பவே இல்லை.

மகன் வந்தான். அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பரணில் இருந்த கேமராவை அவனே இறக்கி, அவள் கட்டிலுக்கு எதிரே மாட்டினான். நான் தடுக்கவில்லை. எந்த முகத்தோடு தடுப்பது? உடை மாற்றும்போதும் உடம்பு துடைக்கும்போதும்மட்டும் அதன்மேல் ஒரு துணியைப் போட்டு மூடுகிறேன். அதற்கென்றே ஒரு சின்ன உறை தைத்து வைத்திருக்கிறேன்.

அவள் இனி எழுந்து எங்கும் போகப்போவதில்லை. கடிகாரத்துக்கு வேலையே இல்லை. இருந்தாலும் காலையில் எடுத்துக்கொண்டுபோய் அவள் முன்னால் நிற்கிறேன். "கட்டட்டுமாக்கா?" என்று கேட்கிறேன். கேள்வி வரும் என்று காத்திருக்கிறேன். எதுக்கு என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டால்கூடப் போதும், தூக்கி எறிந்துவிடுவேன். அவள் என்னைப் பார்க்கிறாள். குழந்தை மாதிரிக் கையைமட்டும் நீட்டுகிறாள்.

அது சம்மதம் இல்லை. எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். நான் கட்டிவிடுகிறேன்.